நாற்பதுக்கு மேல் போகாத வண்டி

இப்போது புது வண்டி வாங்குகிற பிள்ளைகள் ஷோரூம் வாசலிலேயே முறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டி, பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்திருக்கிற நம்ம செட்டுக்குத்தான் ‘ரன்னிங் இன்’ என்கிற சொல் ஞாபகம் இருக்கும். புது காரின் பின்கண்ணாடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். எஞ்சின் இன்னும் பழகவில்லை, மெதுவாகத்தான் போவேன், ஹாரன் அடிக்காதே என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்கிற மாதிரி. நாம் பள்ளிக்கூட வாசலில் நின்று அந்த ஸ்டிக்கர்களை எண்ணியிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு பனிக்காலம் முழுக்க அந்தச் சொல்தான் ஓடியது. உங்களிடம் அதைப் பற்றி நான் பேசியதே இல்லை. அப்போது நீங்கள் கேட்டபோதுகூட, “சித்தப்பாக்கு மிஷின்ல அடிபட்டுடுச்சி” என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

சித்தப்பா என்றால் அப்பாவின் ஒரே தம்பி. அப்பாவுக்கும் அவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். தாத்தா பாட்டி சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது அப்பாதான். அம்மா கல்யாணமாகி வந்த அன்று சித்தப்பா அரை டிராயரோடு வாசலில் நின்று ஆரத்தித் தட்டை எட்டிப் பார்த்ததாக அம்மா சொல்வாள். அப்பா கம்பெனி பஸ் டிரைவர். வாலாஜாபாத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விடுவார். அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் தினமும் உட்கார்ந்து வந்த ஒரு சூப்பர்வைசரிடம் சொல்லித்தான் சித்தப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். கார்களுக்குச் சின்னச் சின்ன தகடு பாகங்கள் அடித்துக் கொடுக்கிற யூனிட். சித்தப்பா நின்றது பிரஸ் மிஷினில்.

“பெர்மனென்ட் ஆயிட்டான்னா அப்பால கவல இல்ல. வெயில்ல காய வேணாம், மழைல நனைய வேணாம். தலைக்கு மேல கூர கீது” என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்குப் போய் ரெண்டு தீபாவளி கழித்து சித்தப்பா வண்டி வாங்கினார். கறுப்பு நிறம். டேங்க்கில் சிவப்புக் கோடு. ஹெட்லைட்டில் சந்தனம் வைத்து, ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டி, சீட்டின் பாலிதீன் உறையைக் கிழிக்காமல் ஏரிக்கரை வழியாக உருட்டுகிற வேகத்தில் ஓட்டி வந்தார். பின்னால் சைக்கிளில் வந்த பால்காரர் அவரை முந்திக்கொண்டு போனார். தெருவே சிரித்தது.

“இன்னாப்பா, வண்டி ரிப்பேரா? தள்ளி வுடணுமா?” என்று யாரோ கேட்டார்கள்.

சித்தப்பா கோபப்படவில்லை. “ரன்னிங் இன்னுபா. ஆயிரம் கிலோமீட்டர் வரிக்கும் இப்டிதான் போவணும்” என்றார், ஏதோ விரதம் எடுத்தவர் மாதிரி.

அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. புது ரப்பர், புது பெயின்ட், சைலன்சரில் பூசியிருந்த எண்ணெய் சூட்டில் கருகும் வாசனை. மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். மாடு விற்று வருஷக்கணக்கானாலும் சாணி வாசனை போகாத கொட்டகை அது. அந்த வண்டி வந்த பிறகு பெட்ரோல் வாசனை வந்தது.

சித்தப்பாவுக்கு வண்டியை வைத்து ஒரு திட்டம் இருந்தது. இருங்காட்டுக்கோட்டை பக்கம் ரேஸ் டிராக் இருப்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கென்று அங்கே தனிப் போட்டி வைப்பார்கள். அதில் ஓட்ட வேண்டும். அதற்கு எஞ்சினில் வேலை செய்ய வேண்டும். ஹெட்டை இறக்கி வழியைப் பெரிதாக்கி, கார்ப்பரேட்டரை மாற்றி, சைலன்சரை மாற்றி... சித்தப்பா சொல்லும்போது எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அவர் கண்கள் விரிவதைப் பார்க்கப் பிடிக்கும்.

ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே கடை போட்டவர். ரேஸுக்கு வண்டி தயார் செய்கிறவர் என்று பெயர். சித்தப்பா வண்டியோடு போய் நின்ற அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

“ஹெட்ட இப்பவே கழட்டிடலாமாண்ணா?” என்று சித்தப்பா கேட்டார்.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. “ஏம் தம்பி, கல்யாணத்துக்கு முந்தியே வளைகாப்பா? புது எஞ்சின்ல ரிங்கும் சிலிண்டரும் இன்னும் ஒண்ணுக்கொண்ணு பழகல. உரசி உரசி, தானா உக்காரணும். இப்ப முறுக்குனீங்கன்னா கீறல் வுழுந்துரும். பொறவு நா என்ன வேல பாத்தாலும் நிக்காது. ஆயிரம் ஓட்டிட்டு வாங்க. நாப்பதுக்கு மேல போவக்கூடாது. ஒரே வேகத்துலயும் போவக்கூடாது. கொஞ்சம் ஏத்தணும், கொஞ்சம் எறக்கணும். சூடானா நிப்பாட்டி ஆறப் போடணும்.”

“நாப்பதா?”

“முப்பத்தஞ்சுன்னா இன்னும் நல்லது.”

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பின்சீட்டில் உட்கார்ந்து சித்தப்பாவின் தோளுக்கு மேலே எட்டி ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். முள் நாற்பதைத் தொட்டால் முதுகில் தட்ட வேண்டும். சித்தப்பா மறந்துபோய் முறுக்கிவிடுவார். நான் தட்டுவேன். “சரி சரி, டீச்சர்” என்று குறைப்பார்.

சித்தப்பா ஷிப்டு முடிந்து வந்ததும் சாயங்காலம் கிளம்புவோம். வாலாஜாபாத் ரோடு அப்போது இவ்வளவு அகலம் கிடையாது. ரெண்டு பக்கமும் வயலும் புதிதாகப் போட்ட கம்பி வேலிகளும் மாறி மாறி வரும். கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகள் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போகும். அந்தக் காற்றில் வண்டி ஆடும். ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து பழுத்த வாழைப்பழம் மாதிரி பெயின்ட் வாசனை வரும். ஏரி நிறைந்திருந்த வருஷம் அது. மதகு ஓரம் நிறுத்தி எஞ்சினை ஆறப்போடுவோம். சூடு தணியும்போது எஞ்சின் டிக் டிக்கென்று சத்தம் போடும். சித்தப்பா அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். எனக்கு வேர்க்கடலை வாங்கித் தருவார். அவ்வளவு மெதுவாக யாரும் என்னை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. வழியில் இருந்த ஒவ்வொரு புளியமரமும் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்கே கூட்டிக்கொண்டு போனார். வண்டிகள் நேர்ரோட்டில் வரும்போது சத்தம் வயிற்றுக்குள் அடித்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். சித்தப்பா பொத்தவில்லை. வளைவில் முட்டி தரையைத் தொடுகிற மாதிரி சாய்ந்து போன ஒருவனைக் காட்டி, “அவன் சாயறான் பாரு பாப்பா, பயந்தா சாய முடியாது” என்றார். வேலைக்குப் போகும்போதும், பெண் பார்க்கப் போகலாமா என்று அம்மா பேச்செடுக்கும்போதும் வராத ஒரு முகம் அன்றைக்கு அவருக்கு இருந்தது.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்று சொன்னால் போதாது. அவர் பயந்தார்.

அந்த ரோட்டில் தினமும் பஸ் ஓட்டுகிறவர் என்னவெல்லாம் பார்ப்பார் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலை ஷிப்டு விட்டு வீட்டுக்கு வந்தபோது தோளில் எப்போதும் கிடக்கும் துண்டு இல்லை.

“துண்டு எங்க?” என்று அம்மா கேட்டாள்.

அப்பா முகம் கழுவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகுதான் சொன்னார். தண்டலம் தாண்டி ஒரு பையன், தெற்கேயிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்த பையன், வண்டியோடு டிரெய்லருக்கு அடியில் போய்விட்டான். அப்பாதான் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போனார். “மூஞ்சி மேல போடறதுக்கு யார் கிட்டயும் ஒண்ணும் இல்ல. என் துண்டத்தான் போட்டேன்.”

அன்று சாயங்காலம் சித்தப்பா வண்டியை வெளியே எடுத்தபோது அப்பா கொட்டகை வாசலில் நின்றார்.

“ரேஸு கீஸுன்னு சொல்லிகினு கீறியாம். வாணாம்டா.”

“ரோட்ல ஸ்பீடா போறவந்தான்ணா சாவறான். நான் நாப்பதுல போறேன். பாப்பாவ கேளு.”

“இப்ப நாப்பது. அப்பால?”

“அப்பால டிராக்ல போவேன். அங்க லாரி வராது.”

அப்பா வழிவிட்டார். பேச்சில் சித்தப்பாவை ஜெயிக்க அவரால் முடியாது.

அடுத்த வாரத்திலிருந்து சித்தப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓ.டி. விழ ஆரம்பித்தது. அதுவரை ஞாயிறு லீவு. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் காலை ஷிப்டு. “லைன்ல அத்தினி பேர் கீறானுங்க, எனக்கே போடறான் அந்த சூப்பர்வைசரு” என்று சித்தப்பா சலித்துக்கொள்வார். அம்மா, கல்யாணச் செலவுக்கு ஆகும், போய்விட்டு வா என்பாள். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

ஆனாலும் சித்தப்பா விடவில்லை. ஞாயிறு போனால் என்ன, மற்ற நாள் சாயங்காலம் இருக்கிறதே. ஐந்நூறு தாண்டிவிட்டது. மெக்கானிக் கடைக்கு வந்திருந்த ஒரு பெரிய கார்ப்பரேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டில் அதைப் பற்றியே பேசினார். பொங்கலுக்குள் ஆயிரம் முடிந்துவிடும் என்றார்.

பொங்கலுக்குச் சில வாரம் முன்னால் ஒரு ஞாயிறு. அப்பா கோழி வாங்கி வந்திருந்தார். நல்ல குஷியில் இருந்தார். வாசலில் உட்கார்ந்து வெங்காயம்கூட உரித்துக் கொடுத்தார். தம்பி ரோட்டில் இல்லை, கூரைக்குக் கீழே இருக்கிறான் என்கிற குஷி அது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது எஸ்.டி.டி. பூத்காரர் ஓடி வந்தார்.

அந்த மிஷினுக்கு ரெண்டு பட்டன். ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலேயிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று ஒரு பட்டனை யாரோ கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கையால் தகட்டை வைத்து, மறு கையால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். வாரம் முழுக்க லீவு இல்லாமல் நின்ற மனிதர். சித்தப்பாவின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவிலிருந்த மூன்றும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் முதலில் என்னை உள்ளே விடவில்லை. அப்பா வராந்தாவில் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். யூனிட்டிலிருந்து வந்தவர்கள் அவரிடம், “கவனம் இல்லாம கைய வுட்டுட்டாரு” என்றார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும் அந்த சூப்பர்வைசரும் வந்திருந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். ஏன் சண்டை போடாமல் போகிறார் என்று அம்மாவுக்குக் கோபம். எனக்கும்தான்.

சித்தப்பா வீட்டுக்கு வந்தார். கை ஒரு பெரிய வெள்ளைப் பொட்டலமாக இருந்தது. கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். நான் ஒரு நாள் கொட்டகைக்குப் போய் வண்டியைத் துடைத்துவிட்டு வந்து, “தொடச்சிட்டேன் சித்தப்பா” என்றேன். “ம்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், “இனிமே தொடாத பாப்பா” என்றார். அப்பா அதன் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் அந்த வயதில் மன்னிக்க முடியவில்லை.

தை பிறந்து சில நாளில் ஒரு காலை கொட்டகையில் வண்டிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா. மோட்டார் சைக்கிளே பிடிக்காத அப்பா. பஸ்ஸும் சைக்கிளும் தவிர வேறொன்றையும் ஓட்டி நான் பார்க்காத அப்பா. தலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டு, ரெண்டு முழங்கையும் விறைத்து நிற்க, பனிக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். ஷிப்டுக்கு முன்னால் திரும்பி வந்து, துடைத்து, தார்ப்பாயைப் போட்டார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும்.

ஊர் பேச ஆரம்பித்தது. தம்பிக்குக் கை போனதும் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டான் என்றது. அம்மா ஒரு நாள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

“அந்தப் புள்ள கட்டு கூட இன்னும் பிரிக்கல. அதுக்குள்ள அவன் வண்டிய எடுத்துகினு சுத்தறதுக்கு உனக்கு மனசு எப்டி வருது? உள்ள படுத்துகினு அவன் சத்தம் கேக்கறான். தெரிதா உனக்கு?”

அப்பா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார்.

சத்தம் வீட்டைத் தாண்டிப் போகும்போது சித்தப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் அப்பா என்னை “வா” என்றார். மாட்டேன் என்றேன். “வா பாப்பா” என்று மறுபடி சொன்னார். அந்தக் குரலுக்காகப் போய் ஏறிக்கொண்டேன். அதே ரோடு, அதே புளியமரங்கள். பழக்கத்தில் அவர் தோளுக்கு மேல் எட்டி ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். முள் முப்பதில் இருந்தது. கொஞ்சம் ஏறியது. முப்பத்தெட்டு. மெல்ல இறங்கியது. திரும்ப ஏறியது. ஒரு தடவைகூட நான் தட்ட வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஏற்று, இறக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன்.

மதகு ஓரம் நிறுத்தினார். சித்தப்பா நிறுத்துகிற அதே இடம். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். நான் கேட்டேன்: “இது சித்தப்பா வண்டிதான?”

“ஆமா.”

“அப்ப ஏன் நீ ஓட்ற?”

அப்பா ஏரியைப் பார்த்தார். “பாதில வுடக்கூடாதுன்னு மெக்கானிக் சொன்னாரு” என்றார். அது பதிலே இல்லை என்று எனக்குத் தோன்றியது. வழி முழுக்க அவர் சட்டையைப் பிடிக்காமல் சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மாசிக் கடைசியில் ஆயிரம் முடிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை ஏற்றிக்கொண்டு அப்பா நேராகக் கூட்ரோட்டுக்குப் போனார். மெக்கானிக் ஆயிலை இறக்கினார். தட்டில் விழுந்த கறுப்பு ஆயிலில் வெள்ளித்தூள் மாதிரி என்னவோ மினுங்கியது. உரசித் தேய்ந்த உலோகம் என்றார் மெக்கானிக். புது ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பதமா ஓட்டியிருக்கிய அண்ணாச்சி. இப்பிடி ஒரு வண்டி நா பாத்ததில்ல.”

“அப்ப வேலைய ஆரம்பிங்க” என்றார் அப்பா.

“எந்த வேலைய?”

“தம்பி இன்னா இன்னா சொன்னானோ எல்லாத்தியும். ஹெட்டு, கார்ப்பரேட்டரு, சைலன்சரு. ஆக்சிலேட்டர மட்டும் எடது கைக்கு மாத்திக் குடுங்க.”

மெக்கானிக் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “ஆக்சிலேட்டர எடது பக்கம் வச்சிரலாம் அண்ணாச்சி. அங்க இருக்குத கிளட்ச்ச எங்க வைக்க? முன் பிரேக்க யார் புடிப்பா? ரெண்டு வெரல வச்சிக்கிட்டு டிராக்ல ஓட்ட முடியுமா? தெருவுல மெதுவா போவலாம். டிராக்ல முடியாது.”

“ஒரு வழி இல்லாம பூடுமா?”

“மொதல்ல தம்பிட்ட ஒரு வார்த்த கேளுங்க.”

அந்த ஞாயிறு மத்தியானம் அப்பா வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து சென்டர் ஸ்டாண்ட் போட்டார். சித்தப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கட்டு பிரித்துவிட்டிருந்தார்கள். அந்தக் கையை எப்போதும் லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொள்வார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆயிரம் ஓட்டி முடிச்சிட்டேன்டா” என்றார் அப்பா. “ஒருவாட்டி கூட நாப்பது தாண்டல. ஆயில் மாத்தியாச்சு. பதமா கீதுன்னு மெக்கானிக் சொல்றாரு.”

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா நின்றுகொண்டே இருந்தார். பிறகு, பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி, சத்தமாகச் சொல்லிவிட்டார்.

“ஞாயித்துக்கெழம ஓ.டி. போடச் சொன்னது நான்தான்டா. நான்தான் அந்த சூப்பர்வைசர் கிட்ட கேட்டேன்.”

அம்மாவின் முறம் நின்றுவிட்டது.

“ஏன்?” என்றார் சித்தப்பா.

“நீ டிராக்குக்குப் போவாம இருப்பேன்னு. ரோட்ல பூடுவியோன்னு பயமா இருந்துச்சிடா. அந்தப் பையன் மூஞ்சி மேல துண்டு போட்டேன் பாரு, அன்னிலேர்ந்து எனக்கு ஒன் மூஞ்சிதான்...”

முடிக்கவில்லை. சித்தப்பா எழுந்தார். வண்டியின் வலது பக்கம் போய் நின்றார். “ஸ்டார்ட் பண்ணு” என்றார். அப்பா உதைத்தார். முதல் உதையிலேயே எடுத்துக்கொண்டது. சித்தப்பா இடது கையை ஆக்சிலேட்டர் மேல் வைத்து மெதுவாக முறுக்கினார். கொஞ்சம் ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார். காது கொடுத்துக் கேட்டார். பிறகு முழுக்க முறுக்கிவிட்டார்.

அந்த வண்டி அதுவரை அப்படிக் கத்தியதே இல்லை. தெருவிலிருந்த நாய்கள் ஓடின. வேப்பமரத்திலிருந்து காக்காய்கள் கிளம்பின. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். சைலன்சர் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்திருந்தது. முன்சக்கரம் சுற்றினால்தான் அது எழும். சித்தப்பா விடவில்லை. எஞ்சின் உடைந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்பா அந்தப் பக்கம் நின்று வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டியின் நடுக்கம் அவர் கன்னம் வரை வந்து, கன்னம் ஆடியது. நிறுத்து என்று சொல்லவில்லை.

எவ்வளவு நேரமோ. சித்தப்பா கையை எடுத்தார். சாவியைத் திருப்பினார். அப்போதுதான் அம்மா அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“வித்துடு” என்றார் சித்தப்பா. உள்ளே போய்விட்டார்.

வண்டியை மெக்கானிக் கடையிலேயே ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அவர் அதில் என்ன வேலை செய்துகொண்டாரோ தெரியாது. ஒரகடத்தில் கறுப்பு வண்டியில் சிவப்புக் கோட்டைப் பார்த்தால் பல வருஷம் நான் திரும்பிப் பார்ப்பேன்.

சித்தப்பா அதன்பிறகு அப்பாவோடு பேசவில்லை. சண்டை போட்டுக்கொண்டு பிரிந்து போகவும் இல்லை. ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்து, உள்ளே போகிற லாரி நம்பர்களை இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். தாமதமாகக் கல்யாணம் ஆனது. சித்தியும் ஒரு பிள்ளையும் வந்தார்கள். அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அப்பா எதிரே உட்கார்ந்திருந்தாலும், “பாப்பா, உங்கப்பா கிட்ட சொல்லு, மோட்டார் காயில் பூடுச்சின்னு” என்பார். அப்பா, “சரின்னு சொல்லு” என்பார். நான் கல்யாணமாகிப் போன பிறகு அந்தத் தூதை அம்மா சொன்னாள். அம்மா தவறிய பிறகு சித்தி. உங்களில் சிலர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். விளையாட்டென்று நினைத்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்பாவை எல்லாரும் கல் மனசுக்காரர் என்றார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எண்ணினேன். என் மகன் வண்டி கேட்டு நின்றபோது, எனக்குள் எழுந்த பயத்தைப் பார்த்த பிறகுதான் அந்தப் பனியில் முழங்கை விறைக்க அவர் போன போக்கு எனக்குப் புரிந்தது. தம்பிக்குத் திருப்பிக் கொடுக்க அவரிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நான் போய்ச் சேருவதற்குள் சித்தப்பாதான் எல்லாம் செய்துவைத்திருந்தார். ஷிப்டு மாற்றிக்கொண்டு பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இடது கையால் ஷேவ் செய்துவிட்டார். கஞ்சி ஊட்டினார். வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. கரண்டியை உதட்டோரம் கொண்டுபோவார், அப்பா வாயைத் திறப்பார்.

பிசியோதெரபிக்கு ஒரு பெண் வரும். சின்னப் பெண். அப்பாவின் வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து, “பிடிங்க தாத்தா, இறுக்கிப் பிடிங்க” என்று சொல்லும். பந்து உருண்டு விழும். எடுத்து வைக்கும், மறுபடி விழும். ஒரு சாயங்காலம் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அந்தப் பெண் குனிந்து தேடிக்கொண்டிருந்தது.

சித்தப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாக யாரும் பார்க்கும்படி வெளியே வைக்காத தன் வலது கையை எடுத்து அப்பாவின் உள்ளங்கைக்குள் வைத்தார். இடது கையால் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். நடுவில் வெறுமையாக இருந்த இடத்தில் அவை போய் உட்கார்ந்தன.

“புடிண்ணா” என்றார்.

அப்பாவின் கண்கள் சித்தப்பா பக்கம் திரும்பின. வாய் கோணிக்கொண்டு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“புடி. நான் கீறேன். புடிண்ணா.”

அந்தப் பெண் பந்தோடு நிமிர்ந்தது. நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அது பந்தைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்புச் சத்தம் வராமல் வெளியே போனது.